பதினெட்டாயிரத்து முந்நூறு அழைப்புகள்

மாமா என் மேசையிலிருந்து பென்சிலை எடுத்தார். முனையைக் கட்டைவிரலில் அழுத்திப் பார்த்து, "இதைக்கூட சீவி வைக்க மாட்டியா மாப்ள" என்றார்.

"திருப்பிக் கொடுக்கணும் மாமா. போன மாசம் எடுத்துட்டுப் போன ரெண்டும் இன்னும் வரலை."

"உங்க அக்காவையே கூட்டிட்டுப் போய்த் திருப்பிக் கொடுக்காம வச்சிருக்கேன். பென்சிலுக்கு வந்துட்டான்."

சட்டைப் பையில் நோட்டுக்குப் பக்கத்தில் அதைச் செருகிக்கொண்டார். கதவுவரை போய்த் திரும்பினார்.

"உன் பக்கம் எல்லாம் சரிதானே? மூணாவது லைன் பாரிட்டி பாத்தியா?"

"பாத்துட்டேன் மாமா. என் பெட்டி புதுசு. உங்க ஆள்தான் கிழடு. போய் எழுப்பி விடுங்க."

நான் பார்த்திருக்கவில்லை. மணி அப்போது பன்னிரண்டு ஐந்து. அதற்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை.

மாமா என் அக்காவின் கணவர். நகரத்தின் கழிவுநீரை இறைத்து அனுப்பும் நிலையத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நகரம் முழுக்கத் தரைக்கடியில் குழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று சொல்ல ஒரு மீட்டர். மீட்டர்களைப் பொருத்துவதும் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. அவை சொல்வதைத் திரையில் பார்த்துப் பம்புகளை ஓட்டுவது என் வேலை. அவர் மண்ணுக்குள், நான் நாற்காலியில். "நான் புதைச்சு வைக்கிறேன், நீ உட்கார்ந்து ஒட்டுக் கேக்கற" என்பார்.

மொத்தம் முப்பத்தொரு மீட்டர், மூன்று லைன். முதல் இரண்டு லைனிலும் பதினைந்து பதினைந்து. மூன்றாவது லைனில் ஒன்றே ஒன்று. கிடங்குகளுக்குப் பின்னால், தொள்ளாயிரம் மீட்டர் தள்ளியிருக்கும் ஆழமான குழியில் இருந்தது. அதன் எண் இருபத்துமூன்று.

ஒரு லைன் என்பது வெறும் இரண்டு கம்பிதான். அதில் தொங்கும் எல்லா மீட்டருக்கும் எல்லாம் கேட்கும். என் அறையில் இருக்கும் பெட்டி ஓர் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். அந்த எண்ணுக்குரிய மீட்டர் மட்டும் பதில் சொல்லும், மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்கும். யாரும் தானாக எதையும் பேசக்கூடாது. ஒரே எண்ணை இருவருக்கு வைத்துவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, யார் சொன்னதும் புரியாமல் போகும். அதனால் மாமா தான் பொருத்திய ஒவ்வொரு மீட்டரின் மேலும் வெள்ளை ஒட்டுத்தாளில் எண்ணைத் தன் கையால் எழுதி ஒட்டுவார். "ஊருக்குள்ள ஒரே பேர்ல நூறு பேர் இருக்கலாம். ஒயருக்குள்ள முடியாது." பூஜ்யம் என்ற எண்ணும் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் எல்லாருக்கும் பொது, எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டும், யாரும் பதில் சொல்லக்கூடாது.

இதை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார். அக்காவுக்குப் பத்து, மகளுக்குப் பதினொன்று, எனக்குப் பன்னிரண்டு. ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, எப்போதும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எண் போடவேண்டும், யார் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றார். மகளை வீட்டில் சில்வண்டு என்று கூப்பிடுவோம். ஒன்பது வயது. அவளுக்கு வாய் ஓயாது.

"பத்து, அந்த உப்பு."

"பத்து வேலையா இருக்கு," என்பாள் அக்கா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நான் எடுத்துத் தரேன்பா."

"பதினொண்ணைக் கூப்பிட்டேனா? குறுக்க பேசினா ரெண்டும் கெட்டுப் போயிடும்."

"அப்ப உப்பில்லாமச் சாப்பிடுங்க. ஆமா, உங்க நம்பர் என்ன? எங்க மூணு பேருக்கும் குடுத்தீங்களே."

"கூப்பிடறவனுக்கு நம்பர் கிடையாது."

"நல்ல உத்தியோகம்தான்," என்று அக்கா எழுந்துபோய் உப்பை எடுத்து வைப்பாள். சிரிப்பை அடக்கியிருப்பாள், தோளில் தெரியும்.

எண் மட்டும் பொருந்தினால் போதாது. எந்த வேகத்தில் பேசுவது, எழுத்து எங்கே முடிகிறது என்பதெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். அதில் ஒன்றுதான் பாரிட்டி. கம்பியில் போவது எல்லாம் ஒன்றும் பூஜ்யமும்தான். ஒவ்வோர் எழுத்தோடும் கூடுதலாக ஓர் ஒன்றோ பூஜ்யமோ சேர்த்து அனுப்பி, ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படை ஆக்கிவிடுவது ஒரு முறை. கேட்கும் பக்கம் எண்ணிப் பார்க்கும். இரட்டையாக இல்லாவிட்டால், வழியில் ஏதோ கெட்டுவிட்டது என்று அந்தப் பேச்சையே தூக்கிப் போட்டுவிடும். பதில் வராது. புதிய மீட்டர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை, பாரிட்டி 'இல்லை' என்று வைப்போம். இருபத்துமூன்று மட்டும் பழையது. அது எப்போதும் இரட்டைப் பாரிட்டியில்தான் பேசிவந்தது. இதை மாமா என்னிடம் இரண்டு முறையாவது சொல்லியிருப்பார்.

அறையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கம்பி அறுந்திருந்தாலும், மீட்டர் செத்திருந்தாலும், அது கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். திரையில் 'பதில் இல்லை' என்று வரும். அவ்வளவுதான்.

அன்று காலை பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியது வைத்தோம். அதற்கு முந்தைய மாதம் நான் ஒரு தப்பு செய்திருந்தேன். ஒரு மீட்டர் சென்டிமீட்டரில் சொல்வதை மில்லிமீட்டர் என்று வைத்துவிட்டேன். குழி நிரம்பிய பிறகும் திரையில் ஓர் அடி உயரம்தான் காட்டியது. கழிவுநீர் ஒரு தெரு முழுக்க ஓடியது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி நடந்தா உன்னை கேட்ல ஸ்டூல் போட்டு உட்கார வச்சிடுவேன்." மாமாவும் அங்கே நின்றிருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, என் சைக்கிளின் தளர்ந்த மணியை மட்டும் முடுக்கிக் கொடுத்தார்.

புதிய பெட்டி வந்த அன்று சூப்பர்வைசர் காலையிலிருந்தே என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் லைனின் பக்கத்தை நிரப்பினேன். வேகம், பாரிட்டி 'இல்லை', எல்லாம். அடியில் 'எல்லா லைனுக்கும்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். ஒன்பது ஐம்பதுக்கு முப்பது மீட்டரும் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. இருபத்துமூன்று வரவில்லை.

"அது எப்பவும் மக்கர் பண்றதுதான் சார்," என்றேன். அதுவும் உண்மைதான். தூரத்துக் கம்பி, எலி கடிக்கும், லாரி ஏறும்.

மாமா இரண்டு மணிநேரம் கம்பியைப் பார்த்தார். கம்பி நன்றாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன் குழியையும் பார்த்துவிடலாம் என்றுதான் பென்சில் எடுக்க வந்தார்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு டிரைவர் போன் செய்தார். வண்டி ஓட்டுவதும், குழிக்கு மேலே காவல் நிற்பதும் அவர் வேலை.

"தம்பி, உங்க மாமா கீழ, தண்ணிக்கு மேல இருக்கற தட்டுல உட்கார்ந்திருக்கார். கூப்பிட்டாப் பதில் இல்லை."

"சத்தமாக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டுட்டேதான் இருக்கேன். மடியில நோட்டு இருக்கு. எழுதிட்டிருக்காருன்னு நினைச்சேன். அசையலை தம்பி."

அவர் இறங்காமல் ஆளைக் கூப்பிட்டது சரியான காரியம். இறங்கியிருந்தால் இரண்டு பேர் போயிருப்பார்கள். முகமூடி போட்டவர்கள் வந்து மேலே கொண்டுவர இருபது நிமிடம் ஆயிற்று. விசாரணைத் தாளில் பின்னால் எழுதினார்கள்: இறங்குமுன் பத்து நிமிடம் காற்றூதி ஓடியது, இடுப்பில் கட்டிய வாயுமானியும் இறங்கும்போது சரி காட்டியது, அடியில் இருந்த சேறு கலங்கிக் கெட்ட காற்று திடீரென்று எழுந்திருக்கவேண்டும். அதற்குக் கீழே ஒரு வரி. 'வழக்கமாகப் பத்து நிமிடத்தில் ஏறிவிடுபவர் கூடுதல் நேரம் உள்ளே இருந்ததற்குக் காரணம் தெரியவில்லை.'

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓடியும் ஒன்றுமில்லை. மாற்று ஆள் வரும்வரை நிலையத்தைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்று திரும்பக் கூட்டிவந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தேன். குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், அளவு தெரியவில்லை. கை தானாக மூன்றாவது லைனின் பக்கத்தைத் திறந்தது. பாரிட்டி: இல்லை.

'இரட்டை' என்று மாற்றினேன். அடுத்த நொடி இருபத்துமூன்று பதில் சொல்லிவிட்டது. இரண்டு மீட்டர் ஆறு சென்டிமீட்டர். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

பின்னால் சூப்பர்வைசர் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வந்துடுச்சா? பாவி மனுஷன். வேலையை முடிச்சுட்டுத்தான் போயிருக்கார்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடம் சொல்லாததுதான் ஏழு மாதம் ஆயிற்று.

அந்தப் பேச்சு நிலையம் முழுக்கப் பரவியது, டிரைவர் மூலமாக வீட்டுக்கும் வந்தது. துக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லாரும் அதையே சொன்னார்கள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "முடிச்சுட்டாராம்" என்று ஒருமுறை சொன்னாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டுக்குப் போனேன். சில்வண்டுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், குழாய்க்கு வாஷர் மாற்றினேன், மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். அந்த வீட்டில் யாரும் யாரையும் எண் சொல்லிக் கூப்பிடவில்லை. உப்பு எப்போதும் மேசையிலேயே இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வந்து, "கடைசிவரைக்கும் கடமைதான்" என்று ஆரம்பிப்பார். அக்கா மெஷினை வேகமாக மிதிப்பாள். அவளுக்கு அது ஆறுதல் என்று நினைத்தேன். அதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை என்று என்னிடமே நல்லவன்போலப் பேசிக்கொண்டேன்.

வேலையிடத்தில் வேறு மாதிரி. பெட்டி ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கும். எத்தனை முறை கூப்பிட்டது, எத்தனை முறை பதில் இல்லை. இருபத்துமூன்றுக்கு நேராகப் பிழைக் கட்டத்தில் 18,300 என்று நின்றிருந்தது. ஒன்பது ஐம்பதிலிருந்து இரண்டு ஐம்பத்தைந்து வரை, நொடிக்கு ஒருமுறை. மாமா பென்சில் எடுத்தபோது, ஏணியில் இறங்கியபோது, அவரைத் தூக்கியபோது, அதற்கும் பிறகு, பெட்டி தப்பான முறையில் அந்த எண்ணைக் கூப்பிட்டபடியே இருந்திருக்கிறது. பக்கத்தில் 'அழி' என்று பொத்தான் உண்டு. ஒருமுறை அழுத்தினால் பூஜ்யம் ஆகிவிடும். தினமும் அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோவேன். அழுத்தமாட்டேன்.

சில நாட்களில், மற்ற முப்பதும் ஒழுங்காக ஓடும் மதிய வேளையில், மூன்றாவது லைனின் சின்ன விளக்கு கண்சிமிட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கூப்பிடும்போது ஒரு சிமிட்டு, பதிலுக்கு ஒரு சிமிட்டு. அந்தக் குழியில் இப்போது யாரோ உட்கார்ந்து பதில் சொல்வதுபோல் இருக்கும். எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வருவேன்.

ஏழாவது மாதம், பெட்டி செய்த கம்பெனியிலிருந்து வேறு ஏதோ சந்தேகத்துக்காகப் பழைய பதிவுகளைக் கேட்டார்கள். பெட்டி கம்பியில் கேட்டதை எல்லாம் எழுத்து எழுத்தாகச் சேமித்து வைத்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அவர்கள் கேட்டதை அனுப்பிவிட்டு, அந்தத் தேதியைத் திறந்தேன்.

மூன்றாவது லைன். இடது பக்கம் 'அனுப்பியது', வலது பக்கம் 'வந்தது'. இடது பக்கம் ஒரே வரி நொடிக்கு நொடி கீழே இறங்கிக்கொண்டே போனது. வலது பக்கம் வெறுமை. ஒன்பது ஐம்பதிலிருந்து உருட்டிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு நாற்பத்தொன்றில் வலது பக்கம் ஏதோ இருந்தது.

17 03 00 00 00 01, பிறகு சரிபார்ப்புக்கான இரண்டு எழுத்து. பெட்டிக்கு அது புரியவில்லை, பாதிக்கு மேல் பிழைக்குறி போட்டிருந்தது. ஆனால் எழுத்துகள் முழுதாக இருந்தன. இயந்திரங்கள் பதினாறு பதினாறாக எண்ணும். ஒரு பதினாறும் ஓர் ஏழும் சேர்ந்தால் இருபத்துமூன்று. இருபத்துமூன்றே, உன் முதல் அளவைச் சொல் என்பதுதான் அந்த வரி. நான் அனுப்பியது இல்லை. மாமா தன் கைக்கருவியை மீட்டரில் மாட்டி நேராகக் கேட்டிருக்கிறார். சரியான பாரிட்டியில்.

அதற்கு அடுத்த வரி: 17 03 02 07 12. ஏழு இருநூற்று ஐம்பத்தாறுகளோடு பதினெட்டைக் கூட்டினேன். ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து மில்லிமீட்டர். இருபத்துமூன்று உடனே பதில் சொல்லியிருக்கிறது. அதற்கு ஒரு பழுதும் இல்லை. மூன்று முறை கேட்டிருக்கிறார், மூன்று முறையும் சொல்லியிருக்கிறது. தப்பு என் பக்கம் என்று பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அத்தோடு ஏறியிருக்கலாம். நான் அடுத்த வரிகளைப் படித்தேன்.

17 06 00 04 00 00. ஆறு என்றால் மாற்று என்று அர்த்தம். நான்காம் இடத்தில்தான் அந்த மீட்டர் தன் பாரிட்டியை வைத்திருக்கிறது. பூஜ்யம் என்றால் 'இல்லை'. என் பெட்டி எப்படிக் கூப்பிடுகிறதோ அதற்கேற்ப மீட்டரை மாற்றப் பார்த்திருக்கிறார். மாறியிருந்தால் மேலே திரையில் இருபத்துமூன்று பச்சைக்கு வந்திருக்கும். கீழே ஏதோ பழுது, சரிசெய்துவிட்டேன் என்று சொல்லியிருப்பார். என் பெயர் வந்திருக்காது. மேலே ஏறி வந்து எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும், ஆனால் என் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

மீட்டர் சொன்ன பதில்: 17 86 03. நீ கொடுக்கும் மதிப்பை நான் ஏற்கமுடியாது.

பன்னிரண்டு நாற்பத்துமூன்றுக்கு முதல் முறை. நாற்பத்துநான்கு. நாற்பத்தாறு. நாற்பத்தொன்பது. ஐம்பத்தொன்று. ஐந்து முறை கேட்டார். ஐந்து முறையும் அது அதையே சொன்னது. ஐம்பத்திரண்டுக்கு மறுபடி அளவை மட்டும் கேட்டிருக்கிறார். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினான்கு. நாலு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு வலது பக்கம் வெறுமை. இடது பக்கம் என் பெட்டி கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். சில்வண்டு தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா ஜன்னலோரம் மெஷினில் ஒரு பை தைத்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டியா?"

"அக்கா, மாமா அன்னைக்கு அந்த மீட்டரைச் சரி பண்ணலை."

மெஷின் நின்றது.

"அது கெட்டுப் போகவே இல்லை. தப்பு என்னோடது. அவர் போகறதுக்கு முன்னாடி கேட்டார், பாத்தியான்னு. பாத்துட்டேன்னு சொன்னேன். பாக்கலை. அவர் கீழ போயி தெரிஞ்சுக்கிட்டார். எனக்காக அங்கேயே மாத்தப் பாத்திருக்கார். அதுக்குத்தான் அவ்வளவு நேரம் இருந்தார். ரெண்டே முக்காலுக்கு மேல நான்தான் சரி பண்ணினேன். அவர் முடிச்சுட்டுப் போகலை அக்கா."

மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா மெஷினின் சின்ன இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து மாமாவின் நோட்டை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் அவர் உடைமைகளோடு கொடுத்தது. கடைசியாக எழுதிய பக்கத்தில் ரசீது ஒன்றை அடையாளத்துக்கு வைத்திருந்தாள். என்னிடம் நீட்டினாள்.

மாமாவின் சாய்ந்த எழுத்து. தேதி. பிறகு: '23 நல்லா இருக்கு. மாப்ள பாரிட்டி மாத்தலை. இங்கயே மாத்திடலாம்.' அதற்குக் கீழே ஐந்து சின்னக் கோடுகள்.

"இது என்ன கோடுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியலை," என்றாள்.

"அஞ்சு தடவை பாத்திருக்கார்."

"ஓ."

தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"முதல் வாரமே. பாரிட்டின்னா என்னன்னு தெரியாது. மாப்ள மாத்தலைங்கறது தெரியாதா? தமிழ்லதானே எழுதியிருக்கார்."

"என்னை ஏன் கேக்கலை?"

"கேட்டு, நீ இல்லைன்னு சொல்லிட்டா?" ஊசியில் அறுந்திருந்த நூலை எடுத்து விரலில் சுற்றினாள். "அவரும் இல்லை. நீயும் இல்லைன்னு ஆயிடும். அதான் கேக்கலை. வாரா வாரம் வர்ற. வாஷர் மாத்தற. இன்னைக்குச் சொல்லுவான், இன்னைக்குச் சொல்லுவான்னு பாப்பேன். எண்ணெய் விட்டுட்டுப் போயிடுவ. மெஷினுக்கு இவ்வளவு எண்ணெய் யாருடா விடுவாங்க. ரெண்டு பை கறையாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வாய் ஒருபக்கம் இழுத்தது. பிறகு அவள் அழுதாள். அன்று துக்கத்தின்போதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கொஞ்ச நாள் வராத."

"சரிக்கா."

"கோபம் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரு தடவை பாத்திருந்தா என்னடா? எவ்வளவு நேரம் ஆகும் அது?"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம்," என்றாள். "வராத. நானே கூப்பிடறேன்."

நான் கதவருகே போனதும் இழுப்பறையில் மறுபடி கைவிட்டாள்.

"இந்தா. இதுவும் உன்னோடதுதானே."

பென்சில். அவர் சீவியிருந்தார். முனை கூர்மையாக இருந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் எழுதி, பதிவின் நகலையும் சேர்த்து சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். "அஞ்சு தடவையா" என்று மட்டும் கேட்டார். விசாரணைத் தாளில் காரணம் தெரியவில்லை என்ற வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார்கள். என்னை கேட்டில் உட்கார வைக்கவில்லை. பெட்டியில் எதையும் மாற்றும் அனுமதியை மட்டும் எடுத்துவிட்டார்கள். இப்போது நான் பார்க்கலாம், தொடமுடியாது.

இதை எழுதும்போது பதினொரு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருக்கிறேன். போன் பக்கத்தில் இருக்கிறது. டிரைவர் அண்ணன் சொன்னார், அக்கா நன்றாக இருக்கிறாளாம், சில்வண்டு மேசையில் எல்லாரையும் எண் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறாளாம். எந்தெந்த எண் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது லைனின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கிறது. பாரிட்டி இரட்டை. நொடிக்கு ஒருமுறை கூப்பிடுகிறது, ஒருமுறைகூடத் தவறாமல் பதில் வருகிறது. இருபத்துமூன்றுக்கு நேரான பிழைக் கட்டத்தில் இன்றைக்கும் 18,300தான்.